இரத்தக் கொதிப்பும் சிறுநீரகமும்

மனித உடலில் ஒன்றையொன்று காத்தும், ஒன்றையொன்று கெடுத்தும் வாழ்கின்ற இரண்டினைக் காட்டுக என்று எவரேனும் கேட்பின், இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தயங்காது காட்டலாம். அழுத்தம் மிகுந்தால் சிறுநீரகம் பழுதடைகிறது. சிறுநீரகம் பழுதடைந்தால் அழுத்தம் மேலும் மிகுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே வந்து நிற்பது மருந்து. அம்மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்னும் வினா இன்று எத்தனையோ இல்லங்களில் எழுகின்றது. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் குடும்பங்களிலும் இதனைக் கேளாத முதியவர் அரியர். "இந்த மாத்திரையைத் தின்று தின்றுதான் கிட்னி போயிற்று" என்று யாரோ சொல்லக் கேட்டு, நாள்தோறும் உண்டுவந்த மருந்தை ஒருநாள் தாமாகவே நிறுத்திவிட்டவர்களை நாம் அறிவோம். அதனால் நேர்ந்த துன்பத்தையும் அறிவோம்.

இவ்வினா புதியதன்று. மருத்துவ உலகமே இதனைத் தனக்குள் பல்லாண்டுக் காலம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பேராசிரியர்களே மருந்தை அஞ்சினர், பிறகு நம்பினர், மீண்டும் அஞ்சினர், இறுதியில் அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் உரிய எல்லைகளை அளந்து வகுத்தனர். அவ்வரலாற்றை அறிந்தோர்க்கு இன்றைய மாத்திரையைப் பற்றிய ஐயமும் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆதலின் அதனைத் தொடக்கத்திலிருந்தே காண்போம்.

குருதிக்கு ஓர் அழுத்தம் உண்டென்பதை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்தி வைத்தார். குருதி அதில் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733ஆம் ஆண்டில் அவர் இதனை நூலாக வெளியிட்டார். ஆயினும் மனிதனை இவ்வாறு அளக்க இயலாதன்றோ? ஆகவே அழுத்தத்தின் கேடு என்னவென்பது இன்னும் நூறாண்டுக் காலம் மறைந்தே கிடந்தது.

மறைவை முதலில் விலக்கியவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரிச்சர்டு பிரைட். அவரிடம் இருந்த கருவி மிக எளிது. நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவது போல அச்சிறுநீரில் வெண்மையாக ஏதேனும் உறையுமாயின், உடலில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கழிந்து போகின்றதென்று கொள்வார். அத்தகையோர் இறந்தபின் உடலைச் சோதித்தபோது, சிறுநீரகங்கள் சுருங்கி இறுகிக் கிடந்ததையும், இதயமோ பருத்துத் தடித்திருந்ததையும் கண்டார். 1836இல் இவ்விரண்டிற்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்று எழுதினார். கெட்டுப்போன சிறுநீரகத்தின் வழியே குருதியைச் செலுத்த இதயம் மிகுதியாக உழைக்க நேர்ந்ததோ என்பது அவர் கொண்ட ஊகங்களுள் ஒன்று.

அப்படியாயின் சிறுநீரகக் கேடே முந்தியது, அழுத்தம் பிந்தியது என்றாகும். இம்முடிவை மாற்றியவர் அதே மருத்துவமனையில் பணிபுரிந்த ஓர் இளைஞர். அவர் பெயர் பிரடெரிக் அக்பர் மகமது. பெயரைக் கேட்டவுடனே நம் நாட்டுத் தொடர்பு விளங்கும். அவருடைய பாட்டனார் ஷேக் தீன் மகமது பாட்னாவில் பிறந்து, பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து சென்றவர். 1810இல் இலண்டனில் இந்திய உணவுச்சாலை ஒன்றைத் திறந்தவர். ஊர் விட்டு ஊர் சென்று வாழ்ந்த அக்குடும்பத்தின் பேரப்பிள்ளை, நாடித் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் கருவியைச் செப்பஞ்செய்து, நூற்றுக்கணக்கான நாடிகளைச் சோதித்தார். சிறுநீரில் புரதம் தோன்றுவதற்கு முன்னரே, உடல்நலத்தோடு நடமாடுபவர் சிலரிடம், அழுத்தம் மிகுந்திருத்தலை 1870களில் அவர் கண்டறிந்தார். அழுத்தமே முந்தி வந்து சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும் என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1884இல், முப்பத்தைந்தே வயதில், குடற்காய்ச்சலுக்கு இரையாகி மகமது மறைந்தார். அவர் கூறியதன் முழுப் பொருளை உலகம் உணரப் பல்லாண்டுகள் சென்றன.

பிறகு அளக்கும் கருவி வந்தது. 1896இல் இத்தாலி நாட்டு ரீவா ரோச்சி கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையைச் செய்தார். 1905இல் இரஷ்ய மருத்துவர் கொரட்காவ், அப்பட்டையின் கீழே தமனியின் ஒலியைக் காதால் கேட்டு இருவகை அழுத்தங்களையும் குறிக்கும் முறையை வகுத்தார். நம் கையில் பட்டையைச் சுற்றி மருத்துவர் அளக்கும்போதெல்லாம் அவ்விருவரும் நமக்குத் தொண்டு செய்கின்றனர்.

இதற்கிடையே, 1898இல், சுவீடன் தேசத்தின் ஸ்டாக்ஹோம் நகரில் டைகர்ஸ்டெட் என்னும் பேராசிரியரும் பெர்க்மன் என்னும் அவருடைய மாணவரும், முயலின் சிறுநீரகத்தை அரைத்தெடுத்த சாற்றினை வேறொரு முயலின் குருதியில் செலுத்தினர். அம்முயலின் அழுத்தம் உயர்ந்தது. சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நில்லாமல், அழுத்தத்தை ஏற்றும் ஒரு பொருளையும் சுரக்கின்றது என்பது புலனாயிற்று. அப்பொருளுக்கு 'ரெனின்' என்று பெயரிட்டனர். 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹாரி கோல்டுபிளாட் என்பவர், நாய்களின் சிறுநீரகத் தமனியைச் சிறிய கவ்வியால் நெரித்துக் காட்டினார். குருதி குறைந்த சிறுநீரகம், தனக்குப் பசியெடுத்தது போலக் கூக்குரலிட்டு, உடல் முழுவதிலும் அழுத்தத்தை உயர்த்திவிட்டது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஒரு குழுவினரும், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் மற்றொரு குழுவினரும், ரெனின் தானே நேராக அழுத்தத்தை ஏற்றுவதில்லை என்றும், குருதியில் வேறொரு வலிய பொருளை அது உண்டாக்குகின்றது என்றும் கண்டனர். இரு குழுவினரும் அதற்கு இருவேறு பெயரிட்டு வழங்கிவந்தனர். 1958இல் இருவரும் இணங்கி, இரு பெயர்களையும் பாதிபாதியாக இணைத்து 'ஆஞ்சியோடென்சின்' என்று சூட்டினர். இப்பெயரை நினைவில் வைத்தல் நலம். இக்கதையின் பிற்பகுதி இதனைச் சுற்றியே சுழல்கின்றது.

நோயின் இயல்பு இவ்வாறு ஒருபுறம் விளங்கிக்கொண்டு வர, மருந்து கொடுப்பதற்கோ மருத்துவர்கள் அஞ்சினர். சுருங்கிப்போன குழாய்களின் வழியே குருதியைச் செலுத்துவதற்கு உயர்ந்த அழுத்தம் உடலுக்கு இன்றியமையாதது என்று பலர் கருதினர். அதனைக் குறைத்தால் சிறுநீரகம் குருதியின்றிச் செத்துப்போகும் என்பது அவர்களுடைய வாதம். வாதம் அறிவுக்குப் பொருந்துவது போலத் தோன்றினும், அதன் விலை பெரிது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவர்களின் அழுத்தம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே சென்றது. அதனை உறுதியாக இறக்கவல்ல மருந்து அக்காலத்து மருத்துவரிடம் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மூளையில் குருதி கசிந்து அவர் உயிர் நீத்தார். உலகில் அனைத்து வசதிகளும் பெற்றிருந்த ஒருவரின் நிலையே இதுவாயின், ஏனையோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அக்காலத்தில் சிலர் துணிந்து முயன்றனர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறிய வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், உப்பு சேராத சோறும் பழமும் சர்க்கரையும் மட்டுமே உணவாகக் கொடுத்தார். சிறுநீரகம் கெட்டவர்க்கென்று தொடங்கிய அவ்வுணவு முறை, கொதிப்பையும் தணித்தது. கண்ணில் ஏற்பட்ட குருதிக் கசிவும் சிலருக்கு ஆறியது. அழுத்தம் குறைந்தால் தீமை நேரும் என்ற கருத்து அங்கே ஆட்டங்கண்டது. ஆயினும் நாள்தோறும் அவ்வுணவை உண்டு வாழ எத்தனை பேரால் இயலும்?

இந்நிலையில்தான் நம் நாட்டு மூலிகை ஒன்று உலக அரங்கில் ஏறியது. சர்ப்பகந்தி என்பது அதன் பெயர். பாம்புக் கடிக்கும் பித்துக்கும் நம் முன்னோர் அதன் வேரை வழங்கிவந்தனர். 1931இல் வங்காளத்து மருத்துவர்களான கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும், அவ்வேர் மனநோய்க்கும் உயர்ந்த இரத்த அழுத்தத்திற்கும் பயன்படும் என்று எழுதினர். அதே ஆண்டில் டில்லி திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்தீக்கியும் அவருடைய துணைவர் ஒருவரும் அவ்வேரிலிருந்து இரசாயனப் பொருள்கள் சிலவற்றைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் அவர்களின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தனர். பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், ஐம்பது நோயாளிகளுக்கு இவ்வேரைக் கொடுத்துக் கண்ட பயனை 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதனைப் படித்த பின்னரே பாஸ்டன் நகர மருத்துவர்கள் இவ்வேரைத் தருவித்துச் சோதித்தனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதன் உயிர்ப்பொருளைப் பிரித்து 'ரிசர்பின்' என்று அழைத்தனர். நாம் இன்று குடியிருக்கும் டில்லியும் பம்பாயும் கல்கத்தாவும் இவ்வரலாற்றில் இத்துணைப் பங்கு பெற்றுள்ளன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் ரிசர்பின் குறையற்ற மருந்தன்று. அளவு மிகுந்தால் மனச்சோர்வைத் தரும், மூக்கடைப்பை உண்டாக்கும். அக்காலத்தில் வந்த வேறு சில மருந்துகள் நரம்பின் முடிச்சுகளைக் கட்டிப்போட்டு அழுத்தத்தை வெகுவாக இறக்கின. கடுங்கொதிப்பினால் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் மடியவேண்டிய பலர் அவற்றால் உயிர் பிழைத்தனர். ஆனால் சிறுநீரகம் முன்னரே பழுதடைந்திருந்தவர்க்கு அழுத்தத்தைத் திடீரென இறக்கியபோது, குருதியில் யூரியா என்னும் கழிவு உயர்ந்தது. பழைய அச்சத்திற்குப் புதிய சான்று கிடைத்தது போலாயிற்று. மருந்து வேண்டும், ஆனால் மெல்ல மெல்ல வேண்டும் என்ற பாடத்தை மருத்துவர்கள் அப்போது கற்றனர்.

1958இல் சந்தைக்கு வந்த 'குளோரோதயசைடு' என்னும் மருந்து நேராகச் சிறுநீரகத்தின் மேலேயே வேலை செய்தது. உப்பையும் நீரையும் மிகுதியாகச் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தது. கெம்ப்னர் பல மாதம் பட்டினி போலக் காத்து அடைந்ததை, ஒரு சிறு மாத்திரை ஓரளவு அடைவித்தது. இதன் வகையைச் சேர்ந்த மருந்துகள் இன்றும் வழக்கில் உள்ளன. உடலிலுள்ள பொட்டாசியம் குறைதல், யூரிக் அமிலம் ஏறுதல், நீர் வற்றுதல் ஆகிய தீமைகள் இவற்றால் நேரக்கூடும் என்பதால், அவ்வப்போது இரத்தச் சோதனை செய்தல் அன்றே வழக்கமாயிற்று.

மருந்து உண்மையிலேயே உயிரைக் காக்கின்றதா? இதனை ஐயமற நிறுவியது அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்டு ஃபிரீஸ் என்பவர் தலைமையில் நடந்த ஆராய்ச்சி. அதன் முடிவு 1967இல் வெளிவந்தது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினருக்கு ரிசர்பின், தயசைடு, ஹைட்ரலசின் ஆகிய மூன்று மருந்துகளும், மற்றொரு கூறினருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரைகளும் கொடுத்தனர். போலி மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான கேடுகள் நேர்ந்தன. மருந்து உண்ட 73 பேரில் இருவருக்கே நேர்ந்தன. பாரதத்து வேரிலிருந்து பிறந்த மருந்தும் அவ்வெற்றியில் பங்கு கொண்டது என்பது நமக்குப் பெருமையே. அழுத்தத்தைக் குறைப்பதே தீங்கு என்ற பழங்கொள்கை அன்றோடு வீழ்ந்தது.

இனி, பாம்பின் மருந்து என்று பெயர் பெற்ற வேரை விட்டு, பாம்பின் நஞ்சையே மருந்தாக்கிய கதைக்கு வருவோம். பிரேசில் நாட்டில் ஜராராகா என்றொரு விரியன் உண்டு. அதனால் கடிபட்டவர்க்கு அழுத்தம் திடீரென வீழ்ந்துவிடும். 1949இல் ரோச்சா இ சில்வா என்னும் பிரேசில் அறிஞரும் அவருடைய துணைவர்களும், அந்நஞ்சு குருதியில் 'பிராடிகினின்' என்னும் பொருளை விடுவிப்பதைக் கண்டனர். அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரைரா, பிராடிகினினின் வலிமையைப் பெருக்கும் பொருளொன்று அந்நஞ்சில் உள்ளதை 1965இல் எடுத்துரைத்தார். பின்னர் இலண்டனுக்குச் சென்று ஜான் வேன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். ஆஞ்சியோடென்சின் உருவாவதற்கு வேண்டிய நொதியை அந்நஞ்சுப் பொருள் தடுக்கின்றது என்பது அங்கே தெளிவாயிற்று. அமெரிக்க ஸ்குவிப் நிறுவனத்தைச் சேர்ந்த குஷ்மனும் ஒண்டெட்டியும் அந்நஞ்சின் வடிவத்தை வழிகாட்டியாகக் கொண்டு, வாயால் உட்கொள்ளத்தக்க 'காப்டோபிரில்' என்னும் மருந்தை 1975இல் செய்து முடித்தனர். 1981இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. எனலாபிரில், ராமிபிரில் என்பன அதன் தம்பிகள். லோசார்டன், டெல்மிசார்டன் முதலியன ஆஞ்சியோடென்சினின் செயலை வேறு வாயிலில் நின்று தடுப்பவை.

இம்மருந்துகளே சிறுநீரகத்தைப் பற்றிய பழைய வினாவை மிகக் கூர்மையாக எழுப்பின. தொடக்கத்தில் காப்டோபிரிலை மிகுந்த அளவில் கொடுத்தபோது, சிலருக்குச் சிறுநீரில் புரதம் கண்டது. 1983இல் மற்றொரு செய்தி வந்தது. இரு சிறுநீரகங்களின் தமனிகளும் சுருங்கியிருந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தின் தமனி சுருங்கியிருந்தவர்கள் ஆகியோர்க்கு இம்மருந்தைக் கொடுத்தால், சிறுநீரகம் வேலை செய்வதையே நிறுத்திவிடுகிறது என்றும், மருந்தை நிறுத்தியவுடன் மீள்கிறது என்றும் மருத்துவர்கள் எழுதினர். "சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரை" என்னும் பேச்சுக்கு வித்திட்டவை இத்தகைய செய்திகளே.

இது ஏன் நேர்கின்றது என்பதை அறிய, சிறுநீரகத்தின் உள்ளமைப்பைச் சிறிது காணவேண்டும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய குழாய்ப் பந்துகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் அவற்றின் வழியே வடிகின்றது; அதில் ஒன்றிரண்டு லிட்டர் போக எஞ்சியதெல்லாம் மீண்டும் குருதியில் சேர்கின்றது. பந்தினுள் குருதி நுழைய ஒரு வாயில், வெளியேற ஒரு வாயில். வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் கீழ்மடையை ஒடுக்கினால் வயலில் நீர்மட்டம் ஏறுவதைக் காண்பார். ஆஞ்சியோடென்சின் செய்வதும் அதுவே. அது வெளியேறும் வாயிலை ஒடுக்கிப் பந்தினுள் அழுத்தத்தை ஏற்றி, வடிதலை மிகுவிக்கின்றது. மருந்து அவ்வாயிலைத் திறந்துவிடுகின்றது. ஆகவே வடிதல் சற்றுக் குறைகின்றது. குருதியில் கிரியாட்டினின் என்னும் கழிவு சற்று ஏறுகின்றது. மேல்மடையே அடைபட்டுக் கிடக்கும் வயலில் கீழ்மடையையும் திறந்துவிட்டால் வயல் காய்ந்துபோகும் அன்றோ? தமனி சுருங்கியவர்க்கு நேர்ந்தது அதுவே.

ஆயின் மேல்மடை நன்றாக இருப்பவர்க்கு இத்திறப்பு நன்மையே. 1980களில் பாஸ்டன் நகரில் பேரி பிரென்னர் என்பவரும் அவருடைய குழுவினரும் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் பெரும்பகுதியை இழந்தாலும், நீரிழிவு நோய் கொண்டாலும், எஞ்சிய பந்துகள் இருமடங்கு உழைக்கின்றன. அவற்றினுள் அழுத்தம் ஏறுகின்றது. அவ்வுழைப்பே நாளடைவில் அவற்றைத் தழும்பாக்கி அழிக்கின்றது என்று கண்டனர். வெளிவாயிலைத் திறக்கும் மருந்து அந்த உள்ளழுத்தத்தைக் குறைத்து, பந்துகளுக்கு ஓய்வளித்துக் காத்தது. இதற்கு இணையாக டென்மார்க் நாட்டில் மோகன்சன், பார்விங் ஆகியோர், நீரிழிவு நோயாளிகளின் அழுத்தத்தைப் பழைய மருந்துகளால் தணித்தபோதும் சிறுநீரகம் கெடும் வேகம் குறைவதைக் காட்டியிருந்தனர்.

எலியில் கண்டது மனிதனில் நிலைத்தது. 1993இல் வெளிவந்த ஆராய்ச்சியில், இளமையிலேயே நீரிழிவு கண்டு சிறுநீரில் புரதம் கழியும் 409 பேர் கலந்துகொண்டனர். கிரியாட்டினின் இருமடங்காக உயர்ந்தவர்கள், காப்டோபிரில் உண்ட 207 பேரில் 25 பேர். போலி மாத்திரை உண்ட 202 பேரில் 43 பேர். இறப்பு, இயந்திரத்தால் குருதியைத் தூய்மை செய்தல், மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல் ஆகியவை நேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழப் பாதியாயிற்று. 2001இல் லோசார்டனும் இர்பெசார்டனும், நடுவயதுக்குமேல் வரும் நீரிழிவில் அவ்வாறே பயன் தருவது நிறுவப்பட்டது. கெடுக்கும் என்று அஞ்சிய மருந்தே காக்கும் மருந்தென்று நிலைபெற்றது.

அப்படியாயின் கிரியாட்டினின் ஏறுவதைக் கண்டு அஞ்சவேண்டுவது எப்போது? 2000ஆம் ஆண்டில் பேக்ரிஸ், வியர் என்னும் இரு மருத்துவர்கள் முன்பு நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி ஒரு வரம்பைக் கூறினர். மருந்து தொடங்கியபின் கிரியாட்டினின் முன்னிருந்த அளவில் 30 விழுக்காடு வரை ஏறி, பின் அங்கேயே நிலைத்து நிற்குமாயின், அதற்காக மருந்தை நிறுத்தவேண்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, 1.5 என்றிருந்தது 1.8 ஆயின் ஏற்றம் 20 விழுக்காடே. அது பந்துகள் ஓய்வு பெறுவதன் அடையாளமாக இருக்கலாம். 1.5 என்றிருந்தது 2.4 ஆகுமாயின் ஏற்றம் 60 விழுக்காடு. மருத்துவர் உடனே காரணத்தைத் தேடவேண்டும். இவ்வரம்பே இன்றும் பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றது. மருந்து தொடங்கியோ அளவைக் கூட்டியோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவ நெறிகள் கூறுகின்றன.

நல்ல மருந்து இரண்டைச் சேர்த்தால் இருமடங்கு நன்மை விளையுமோ என்றும் உலகம் முயன்று பார்த்தது. ராமிபிரிலையும் டெல்மிசார்டனையும் ஒருங்கே கொடுத்த பேராராய்ச்சியின் முடிவு 2008இல் வந்தது. நன்மை கூடவில்லை, சிறுநீரகக் கேடு கூடியது. 2013இல் அத்தகைய மற்றோர் ஆராய்ச்சி, பொட்டாசியம் ஏறியும் சிறுநீரகம் திடீரெனக் கெட்டும் துன்பம் நேர்ந்தமையால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, பெரிதும் பழுதடைந்த சிறுநீரகத்தைக் கொண்டவர் மருந்தை நிறுத்திவிட்டால் நலம் விளையுமா? இதனையும் சோதித்தனர். பிரிட்டனில் முற்றிய நிலையிலிருந்த 411 பேரில் ஒரு பாதியினருக்கு இம்மருந்தை நிறுத்தியும், மறுபாதியினருக்குத் தொடர்ந்தும் மூன்றாண்டுகள் கவனித்தனர். 2022இல் முடிவு வெளிவந்தது. நிறுத்தியவர்களின் சிறுநீரகம் மேம்படவில்லை. மருந்தைக் கைவிட்டால் கிட்னி மீளும் என்று நம் இல்லங்களில் உலவும் நம்பிக்கைக்கு அளந்து கூறிய விடை இது.

இவ்வரலாற்றில் நம் தமிழகத்திற்கும் ஓர் இடமுண்டு. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சை வெற்றி கண்டது. ஆயினும் அத்தகைய பெருஞ்சிகிச்சை எல்லார்க்கும் எட்டுவதன்று. இதனை உணர்ந்த சென்னை மருத்துவர் டாக்டர் எம். கே. மணி, 1990களின் பிற்பகுதியில், நகருக்கு அருகிலுள்ள சிற்றூர்களில் ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு பணியைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற ஊழியர் வீடுவீடாகச் சென்று, சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா என்று பார்த்து, அழுத்தத்தை அளந்தனர். நோய் கண்டவர்க்கு ரிசர்பின், தயசைடு, ஹைட்ரலசின் என்னும் விலைகுறைந்த பழைய மருந்துகளே வழங்கப்பட்டன. பிரைட்டின் கரண்டியும், வகீலின் வேரும், ஃபிரீஸின் மூன்று மருந்துகளும் நம் ஊர்க் குடிசைவாசலில் ஒருங்கு கூடின எனலாம். மருந்து புதியதோ பழையதோ, அழுத்தத்தை ஒழுங்காகத் தணிப்பதே முதற்காவல் என்பதை அப்பணி உலகிற்கு எடுத்துக்காட்டியது.

இக்கதையைக் கேட்ட நாம் கைக்கொள்ள வேண்டியவை சில. ஊர் விட்டு ஊர் மாறி வாழ்பவர் நாம். ஓரூரில் ஒரு மருத்துவர், மற்றோரூரில் மற்றொருவர். ஆகவே அழுத்தம், கிரியாட்டினின், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவுகளைத் தேதியிட்டு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து உடன் கொண்டு செல்லுதல் நன்று. ஏற்றம் 20 விழுக்காடா, 60 விழுக்காடா என்பதைப் பழைய அளவு தெரிந்தாலன்றி எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது. மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமாக வாங்கி உண்ணும் வலிமாத்திரைகள் பல, உட்புகும் வாயிலை ஒடுக்குபவை. அவற்றை அழுத்த மருந்தோடும் நீர் பிரிக்கும் மருந்தோடும் சேர்த்து உண்டால் சிறுநீரகம் திடீரெனத் தளரக்கூடும். கோடையில் இரண்டு நாள் இரயிலில் ஊருக்குச் செல்லும் வழியில் வாந்தியோ பேதியோ கண்டு நீர் வற்றினால், அன்று மருந்தைத் தொடர்வதா, சிலநாள் தள்ளுவதா என்பதை மருத்துவரிடம் உடனே கேட்டறிதல் வேண்டும். முன்கூட்டியே கேட்டுவைத்தல் இன்னும் நன்று. கருவுற்ற மகளிர்க்குப் 'பிரில்' என்றும் 'சார்டன்' என்றும் முடியும் மருந்துகள் ஆகா.

ஊரிலிருந்து அன்போடு அனுப்பிவைக்கும் அப்பளத்திலும் வற்றலிலும் ஊறுகாயிலும் உப்பு மிகுதி என்பதையும் மறத்தலாகாது. உப்பு மிகுந்தால் மேற்கூறிய மருந்துகளின் வலிமை குறைகின்றது. உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் பொட்டாசியம் இருத்தலால், சிறுநீரகம் தளர்ந்தவர்கள் மருத்துவரைக் கேளாது அவற்றைக் கையாளலாகாது.

கண்ணுக்குத் தெரியாமல் பல்லாண்டு நடக்கும் கேடு அழுத்தத்தினுடையது. சோதனைத் தாளில் உடனே தெரியும் மாற்றம் மருந்தினுடையது. தெரிவதைக் கண்டு அஞ்சித் தெரியாததை மறந்துவிடுதல் மனித இயல்பு. அவ்வியல்பை அளவையால் வென்றவர்களின் வரலாறே நாம் இதுகாறும் கண்டது. மாத்திரையைப் பற்றி ஐயம் எழும்போது அதனை மருத்துவரிடம் எடுத்துச் செல்வோம். சோதனையின் முடிவை நம் நோட்டிலுள்ள பழைய அளவோடு ஒப்பிடச் சொல்லுவோம். மருந்தை மாற்றுவதாயினும் நிறுத்துவதாயினும், அந்த ஒப்பீட்டிற்குப் பின்னரே செய்வோம்.